பாட்டிலில் 211, பாக்கெட்டில் 282: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எங்கள் பாட்டி போட்ட மாங்காய் ஊறுகாய் ஒரு வருஷம் கெடாது. கடை ஊறுகாயில் மட்டும் 211 எதற்கு?

பாட்டியும் ப்ரிசர்வேட்டிவ் போட்டார், உப்பு! நம் உணவுச் சட்டமே உப்பு, சர்க்கரை, வினிகர், எண்ணெய், மசாலா எல்லாவற்றையும் முதல் வகுப்புப் பதப்படுத்திகளில்தான் சேர்த்திருக்கிறது. லேபிளில் 211 என்ற எண்ணால் குறிக்கும் சோடியம் பென்சோயேட் இரண்டாம் வகுப்புப் பதப்படுத்தி.

பாட்டி ஜாடியை வெயிலில் காயவைத்தார், ஈரம் படாத அகப்பையால் எடுத்தார், மேலே எண்ணெய் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடை பாட்டில் மாதக்கணக்கில் குடோனில் கிடந்து, அப்புறம் நம் வீட்டு ஈரக் கரண்டியையும் தாங்க வேண்டும். 211 புளிப்பான பண்டத்தில்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஊறுகாய், ஸ்குவாஷ், சாஸ் லேபிள்களில் அதை அடிக்கடி பார்ப்பது அதனால்தான்.

ஊறுகாயில் கிலோவுக்கு 250 மில்லிகிராம் வரை அனுமதி. ஒரு டேபிள்ஸ்பூன் (15 கிராம்) ஊறுகாயில் 4 மில்லிகிராம்கூட வராது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் வரை போகலாம் என்பது கறாரான கணக்கு. ஆனால் அதே ஒரு ஸ்பூனில் உப்பு ஒன்றரை, இரண்டு கிராம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் சொல்வதே 5 கிராமுக்குள்! பிபி மாத்திரை சாப்பிடுகிறவர் முதலில் அந்த உப்பைப் பார்க்கட்டும். பாட்டி ஊறுகாய்க்கும் இது பொருந்தும்.

அட்டைப்பெட்டிப் பால் மாதக்கணக்கில் கெடாமல் இருக்க என்ன மருந்து கலக்கிறார்கள்?

ஒன்றும் கிடையாது. பாலை 135 டிகிரிக்கு மேல் சில விநாடிகள் சூடாக்கி, கிருமி நீக்கிய பெட்டியில் காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். பெட்டியைத் திறந்துவிட்டால் அதுவும் சாதாரணப் பால்தான், ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

வனிலா எசன்ஸை மரத்திலிருந்து எடுக்கிறார்களாமே, உண்மையா?

ஓரளவு உண்மை. வனிலாவுக்கு மணம் தரும் முக்கியப் பொருள் வனிலின். 1874இல் டீமான், ஹார்மான் என்ற இரண்டு ஜெர்மானிய வேதியியலர்கள் அதை முதலில் செயற்கையாகச் செய்ததே பைன் மரச்சாற்றில் கிடைத்த ஒரு பொருளிலிருந்துதான். இன்று பெரும்பகுதி பெட்ரோலியம் வழி வருகிறது, மரக்கூழ்க் கழிவிலிருந்தும் கொஞ்சம் எடுக்கிறார்கள். காயிலிருந்து எடுத்தாலும் ஆலையில் செய்தாலும் மூலக்கூறு ஒன்றே. அசல் வனிலாப் பூவுக்குக் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும், காயை மாதக்கணக்கில் பதப்படுத்த வேண்டும், அதனால்தான் அந்த விலை. அதில் வனிலினோடு இன்னும் பல மணப்பொருள்கள் சேர்ந்திருப்பதால் ருசி தூக்கல்தான், மறுக்கவில்லை. கேக்கில் விடும் சில துளி எசன்ஸால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. ரவா கேசரியில் பைனாப்பிள் எசன்ஸைக் கவிழ்ப்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை!

உலர்திராட்சை சாப்பிட்டால் மகனுக்கு இளைப்பு வருகிறது. அவனுக்கு ஆஸ்துமா உண்டு.

இதை அலட்சியப்படுத்த வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். பொன்னிறத் திராட்சை கறுக்காமல் இருக்கவும், ஆப்ரிகாட் ஆரஞ்சாகவே இருக்கவும் சல்ஃபர் டையாக்சைடு காட்டுகிறார்கள். ஆஸ்துமா உள்ள சிலருக்கு இதனால் மூச்சு இழுக்கும். சல்ஃபர் டையாக்சைடையும் அதன் வகைகளையும் சேர்த்து சல்ஃபைட் என்பார்கள்; பாக்கெட்டில் 220 முதல் 228 வரை ஏதாவது எண் இருக்கிறதா பாருங்கள். கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்ஃபைட் இருந்தால் லேபிளில் சொல்லியே ஆக வேண்டும். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டித் தருவதில் இந்த விவரம் எதுவும் இருக்காது. அதை அவனுக்குக் கொடுக்காதீர்கள்.

சிக்கன் 65இல் போடும் சிவப்பு கலர் ஆபத்தா?

எனக்கு வரும் கேள்விகளில் உண்மையாகவே பயப்பட வேண்டியது இதுதான். இந்தியாவில் அனுமதி உள்ள செயற்கை நிறங்கள் எட்டு. அவையும் இனிப்பு, ஐஸ்கிரீம், பிஸ்கட் போன்ற சிலவற்றில்தான், அதுவும் அளவோடு. சிக்கன் 65 அந்தப் பட்டியலிலேயே கிடையாது. கடாய் பக்கத்தில் ஒரு டப்பா, அதிலிருந்து ஒரு சிட்டிகை என்று போடும்போது அது எந்தச் சாயம், எத்தனை மில்லிகிராம் என்று போடுகிறவருக்கே தெரியாது. பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி என்ற துணிச்சாயம் இருப்பது பரிசோதனையில் தெரிந்த பிறகு, 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் அதன் விற்பனைக்குத் தடை போட்டன. அதே ஆண்டு கர்நாடகம் கபாபில் செயற்கை நிறத்தைத் தடை செய்தது.

வீட்டில் செய்தால் காஷ்மீரி மிளகாய்த்தூள் போதும். கடையில் “கலர் போடாமல் கொடுங்க” என்று கேளுங்கள். கொஞ்சம் பழுப்பாக வரும், அவ்வளவுதான்.

பிரெட்டில் 282?

கால்சியம் புரோபியோனேட். பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடுவது, பயப்பட ஒன்றுமில்லை. மாவுக்குப் போட்டுக்கொண்டிருந்த பொட்டாசியம் புரோமேட்டைத்தான் 2016இலேயே தடை செய்துவிட்டார்கள். 282 வேண்டவே வேண்டாம் என்றால் பக்கத்து பேக்கரியில், போடுவதில்லை என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு அன்றன்றைக்கு வாங்குங்கள். மழைக்காலத்தில் மறுநாளே ஓரத்தைப் பாருங்கள், பச்சையாக ஒரு புள்ளி தெரிந்தாலும் முழு பாக்கெட்டையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.