லேப்டாப்பை நடுவில் உட்கார வைக்காதீர்கள்

கேள்வி: பழைய லினக்ஸ் சர்வரில் இருக்கும் 80 ஜிபி படங்களைப் புதிய சர்வருக்கு மாற்ற வேண்டும். லேப்டாப்பில் எஸ்சிபி (scp, கணினிகளுக்கு இடையே கோப்புகளை நகலெடுப்பது) கட்டளை கொடுத்தால் பாதியில் நெட் அறுந்துவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. எஸ்சிபி அடங்கிய ஓப்பன் எஸ்எஸ்ஹெச் (OpenSSH) மென்பொருளின் 8.7 பதிப்பிலிருந்து, இரண்டு சர்வர்களுக்கு இடையே எஸ்சிபி போட்டால் எல்லாமே கட்டளை கொடுத்த கணினி வழியாகத்தான் போகும். அதாவது உங்கள் வீட்டு பிராட்பேண்டில் 80 ஜிபி இறங்கி, அதே 80 ஜிபி திரும்ப ஏறுகிறது. அறுந்துபோகாமல் என்ன செய்யும்?

புதிய சர்வருக்குள் நுழைந்து, அங்கிருந்தே பழையதிலிருந்து இழுங்கள். அதற்கு எஸ்சிபி வேண்டாம், ஆர்சிங்க் (rsync) என்ற கட்டளை. இதுவும் எஸ்எஸ்ஹெச் (SSH) என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு வழியாகவே ஓடுவதால் பாதுகாப்பில் குறை இல்லை. கட்டளையோடு சிறிய ஏ (-a) கொடுத்தால் கோப்புகளின் தேதி, அனுமதிகள் மாறாமல் வரும். பெரிய பி (-P) கொடுத்தால் எவ்வளவு வந்தது என்று தெரியும், அறுந்தாலும் பாதிக் கோப்பு அழியாது. அதே கட்டளையை மறுபடி ஓட்டுங்கள், வந்து சேர்ந்தவற்றை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எடுக்கும். சுருக்குவதற்கான இசட் (-z) வேண்டாம். ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை.

சாய்கோட்டில் (/) கவனம். மூல ஃபோல்டர் பெயரின் கடைசியில் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் வரும், இல்லாவிட்டால் ஃபோல்டரோடு வரும். ஒருமுறை இதை மறந்து, படங்கள் ஃபோல்டருக்குள் இன்னொரு படங்கள் ஃபோல்டர் உருவாகி, தளத்தில் ஒரு படமும் தெரியாமல் விழித்திருக்கிறேன். முதலில் சிறிய என் (-n) சேர்த்து ஒத்திகை பாருங்கள், எதுவும் நகராது, பட்டியல் மட்டும் வரும். பெரிய பி கொடுக்காவிட்டால், பட்டியலைக் காட்ட சிறிய வி-யும் (-v) வேண்டும்.

இதையெல்லாம் புதிய சர்வரில் டிமக்ஸுக்குள் (tmux, இணைப்பு போனாலும் வேலையைத் தொடரவிடும் கருவி) ஓட்டுங்கள். கண்ட்ரோல் பி (Ctrl+b), அப்புறம் டி (d) அழுத்திவிட்டு லேப்டாப்பை மூடித் தூங்கப் போகலாம். வேலை அங்கே நடந்துகொண்டிருக்கும்.

எஸ்எஸ்ஹெச் சாவி விஷயம்: சர்வருக்குள் நுழைய லேப்டாப்பில் வைத்திருக்கும் தனிச்சாவியைச் (private key) சர்வரில் கொண்டுபோய் வைக்காதீர்கள். புதிய சர்வரிலேயே ஒரு ஜோடி உருவாக்கி, பொதுச்சாவியை (public key) மட்டும் பழையதில் சேருங்கள். முதல் இணைப்பில் பழைய சர்வரின் கைரேகையை (fingerprint, அதன் அடையாளக் குறியீடு) காட்டி, தொடரலாமா என்று கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு யெஸ் (yes) அடிக்காமல், பழைய சர்வரில் பார்த்து ஒப்பிடுங்கள். மாற்றம் முடிந்ததும் அந்தச் சாவியை நீக்கிவிடுங்கள்.