பெரியப்பா குடுத்த கேடிலாக்கும் "வட்டி இல்லாத" ரிப்பேர் கார்டும்

கேள்வி: அக்கா, நான் மிச்சிகன்ல ட்ராய் பக்கம் இருக்கேன், வயசு 36, ஒரு பொண்ணு இருக்கா. 2019-ல எங்க பெரியப்பா அவரோட 2002 கேடிலாக் டிவில் டிடிஎஸ் வண்டிய எனக்கு குடுத்துட்டார், அவர் ரிட்டையர் ஆகுறதுக்கு முன்னாடி புதுசா வாங்கி ஆசையா வச்சிருந்த வண்டி. ஓட்ட சொகுசா இருக்கும், ஆனா போன 14 மாசத்துல அஞ்சு பெரிய ரிப்பேர் வந்துருச்சு, எல்லாத்தையும் ரிப்பேர் கடை குடுக்கிற கிரெடிட் கார்டுலதான் போட்டேன், ஆறு மாசம் வட்டி இல்லன்னு சொன்னாங்க. இப்ப ஐ-75-ல கொஞ்சம் வேகமா போனாலே டெம்பரேச்சர் ஏறுது, கூலன்ட் (எஞ்சின குளிர வைக்கிற திரவம்) குறையுது. ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அது மேல உக்கார்ற ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற சீல்) போயிருச்சு, 4,200 டாலர் ஆகும்னு கடையில சொல்றாங்க. அதையும் அதே கார்டுல போட்டுடவா இல்ல 401-கே (ஆபீஸ் ரிட்டையர்மென்ட் சேமிப்பு) மேல லோன் எடுக்கவா? ஃப்ரெண்டு ஒருத்தன் இத தூக்கிப் போட்டுட்டு 84 மாச லோன்ல புதுசு எடுன்னு சொல்றான். பெரியப்பா வாரா வாரம் போன் பண்ணி வண்டி எப்படி இருக்குன்னு கேக்குறார், வித்துடாதடான்னு சொல்றார். டைட்டில் (வண்டி உரிமைப் பத்திரம்) இன்னும் அவர் பேர்லதான் இருக்கு. பேங்க்ல 3,400 இருக்கு, மாசம் எல்லாம் போக 450 மிஞ்சும். என்ன பண்றது?

பதில்: தம்பி, பட்ஜெட் போடுங்க, அவசரத்துக்கு பணம் சேத்து வைங்கன்னு உங்ககிட்ட நான் பாடம் நடத்தப் போறதில்ல. 401-கே-ல கம்பெனி தன் பங்குக்கு போடுற மேட்ச் பணத்த முழுசா வாங்குறீங்க, வேற கடன் இல்ல, கணக்கெல்லாம் ஒழுங்கா எழுதி அனுப்பியிருக்கீங்க. அந்தக் கணக்க பாத்ததும் எனக்கு வண்டி மேல கோவம் வரல, அந்த கார்டு மேலதான் வந்துச்சு. 22 வருஷத்துக்கு மேல ஓடின வண்டி ரிப்பேர் கேக்கத்தான் செய்யும். ஆனா நீங்க ஒவ்வொரு ரிப்பேரையும் தனியா பாத்து "இது 480 தான, இது 310 தான"ன்னு ஒரே கார்டுல தேச்சுட்டு வந்திருக்கீங்க பாருங்க, அந்தப் பழக்கம்தான் உங்க பணத்த திங்குது.

நீங்க அனுப்பின பில்லையே கூட்டிப் பாப்போம். வாட்டர் பம்ப்பும் பெல்ட்டும் 480, பின்னாடி ஏர் ஷாக் 950, கிராங்க் சென்சார் ரெண்டும் 310, துருப்பிடிச்ச பிரேக் லைன் 720, ஸ்டார்ட்டர் 640. ஆக 3,100. (ஸ்டார்ட்டருக்கு ஏன் 640ன்னு கேட்டிருந்தீங்க. அந்த நார்த்ஸ்டார் வி8 எஞ்சின்ல ஸ்டார்ட்டர் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும், மேல இருக்கறதையெல்லாம் கழட்டினாத்தான் கை போகும், அதனால கூலி அதிகம். அந்த விஷயத்துல கடைக்காரர் உங்கள ஏமாத்தல.) இதுக்கு நீங்க மாசம் சுமார் 80 வீதம் 1,120 கட்டியிருக்கீங்க. அப்ப பாக்கி 1,980 தான இருக்கணும்? ஸ்டேட்மென்ட்ல 2,680 இருக்கு. அந்த 700 டாலர் வண்டிக்குள்ள எங்கயும் போகல, முழுக்க வட்டி.

வட்டி இல்லன்னு சொன்னாங்களேன்னு கேப்பீங்க. அது வட்டி இல்லாத கார்டு இல்ல தம்பி, வட்டிய ஒத்தி வைக்கிற கார்டு. ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆறு மாசம் வட்டி பின்னாடி சத்தமில்லாம ஏறிக்கிட்டே இருக்கும், கடைசி தேதிக்குள்ள அந்த ரிப்பேர் தொகைய ஒரு காசு பாக்கி இல்லாம அடைச்சாத்தான் அத தள்ளுபடி பண்ணுவாங்க. ஏர் ஷாக் 950-ஐயே எடுத்துக்கோங்க, ஆறு மாசத்துல நீங்க 840 கட்டி 110 பாக்கி வச்சிருந்தாக்கூட, அந்த 110-க்கு மட்டும் வட்டி போட மாட்டாங்க, முதல் நாள்ல இருந்து கணக்கு போட்டு கிட்டத்தட்ட 80 டாலர் ஒரே நாள்ல தலைல கட்டிடுவாங்க. உங்களுக்கு அஞ்சு ரிப்பேர், அஞ்சு தேதி, எதுவும் ஞாபகத்துல இல்ல, கடைசி ஸ்டார்ட்டரோட தேதியும் போன மாசம் முடிஞ்சிருச்சு. இப்ப அந்த 2,680-க்கும் 30 பர்சென்ட் ஓடுது. மாசம் 67 டாலர் வட்டி. மினிமம்னு நீங்க கட்டுற 94-ல அசலுக்கு போறது 27 டாலர்தான், அதயும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

இப்ப இது மேல 4,200-ஐ வச்சா என்ன ஆகும்? ஆறு மாசத்துல அடைக்கணும்னா மாசம் 700 வேணும், உங்ககிட்ட மிஞ்சுறது 450. அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு, நிறைய பேருக்கு தெரியாது. மினிமத்துக்கு மேல நீங்க கட்டுற பணம் சட்டப்படி வட்டி அதிகமா ஓடுற பாக்கிக்குத்தான் முதல்ல போகும், அதாவது உங்க பழைய 2,680-க்கு. ப்ரொமோ, அதாவது அந்த ஆறு மாச சலுகை, முடியறதுக்கு முந்தின ரெண்டு மாசாந்திர பில்லுலதான் அது புது ரிப்பேர் பக்கம் திரும்பும். அப்ப நாலு மாசம் நீங்க வயித்த கட்டி வாய கட்டி கட்டுறதெல்லாம் பழசுக்கே போயிடும், கடைசி ரெண்டு மாசத்து 900 தான் புதுசுக்கு கிடைக்கும். 3,000-க்கு மேல பாக்கியோட ப்ரொமோ முடியும், சுமார் 600 டாலர் வட்டி மொத்தமா வந்து உக்காரும். வேண்டாம் தம்பி, அந்த கார்டுல இனிமே ஒரு வைப்பர் பிளேடு கூட வாங்காதீங்க.

401-கே லோனும் இதுக்கு வேண்டாம். வட்டி கம்மிதான், வட்டியும் உங்க அக்கவுன்ட்டுக்கேதான் திரும்பி வருது, எல்லாம் சரி. ஆனா உங்க ஆபிஸ்ல ஆள் குறைப்பு பேச்சு ஓடுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. வேலை போச்சுன்னா பாக்கிய அந்த வருஷத்து டாக்ஸ் ஃபைலிங் கெடுவுக்குள்ள கட்டணும், கட்டலன்னா அது வருமானமா மாறி வரி போடுவாங்க, உங்க வயசுல அந்த வரி போக இன்னும் 10 பர்சென்ட் பெனால்ட்டியும் உண்டு. எக்ஸ்டெண்டட் வாரண்ட்டி (காசு கட்டினா வருங்கால ரிப்பேர் செலவ ஏத்துக்கிற ஒப்பந்தம்) விக்க ஓயாம வர்ற போன் பத்தியும் கேட்டிருந்தீங்க, இந்த வயசு வண்டிக்கு அத நினைச்சுக்கூட பாக்காதீங்க. ஏற்கனவே இருக்கிற கோளாறுக்கு அதுல பணம் வராது. அந்தத் துறையில பெரிய பேரான கார்ஷீல்டே விளம்பரத்துல மக்கள தவறா நம்ப வச்சதா ஃபெடரல் ட்ரேட் கமிஷன் புகார் குடுத்துச்சு, 2024-ல அந்த கம்பெனி 10 மில்லியன் டாலர் கட்ட ஒத்துக்கிச்சு.

ஃப்ரெண்டு சொன்ன 84 மாச லோன்னா ஏழு வருஷம். உங்க பொண்ணு ஸ்கூல் மாறுற வரைக்கும் ஒரு வண்டிக்கு தவணை கட்டிக்கிட்டே இருப்பீங்க, முதல் நாலஞ்சு வருஷம் வண்டி மதிப்ப விட கடன்தான் பெருசா இருக்கும். மாசத் தவணைய மட்டும் காட்டி விக்கிற எதையும் நான் நம்புறதில்ல.

இப்ப வண்டிக்கு வருவோம். 4,200 குடுத்து மூணு வருஷம் ஓடினா மாசம் 116 தான, புது வண்டி தவணைய விட சீப் தானன்னு நீங்க போட்ட கணக்கு நியாயமான கணக்கு. பழைய வண்டிய வச்சு ஓட்டுறத நான் எப்பவும் எதிர்க்கிறவ இல்ல. எங்க வீட்லயும் ஒரு லிங்கன் டவுன் கார் இருந்துச்சு, பனிக்காலத்துல காலைல எந்திரிச்சு பாத்தா பின்பக்கம் நாய் உக்காந்த மாதிரி தரையோட உக்காந்திருக்கும், ஏர் ஸ்பிரிங்ல ஓட்டை. அத எடுத்துட்டு சாதா காயில் ஸ்பிரிங் மாட்டினோம், சின்ன செலவு, அப்புறம் பல வருஷம் ஓடிச்சு. அந்த வண்டி அமைப்பு அப்படி, லாரி மாதிரி தனி சேஸி மேல பாடி, வெல்டிங் கடைக்காரர்கூட கை வைக்கலாம். உங்களோடது வேற ஜாதி. நார்த்ஸ்டார் எஞ்சின்ல பிளாக் அலுமினியம், ஹெட்ட பிடிச்சிருக்கிற போல்ட் ஸ்டீல், வருஷக்கணக்கா சூடாகி ஆறி சூடாகி ஆறி அந்த அலுமினியத்துல இருக்கிற மரையே பிடுங்கிக்கிட்டு வந்துடும். கேஸ்கெட்ட மட்டும் மாத்தினா நோய் போகாது. எஞ்சின அத தாங்குற கிரேடில் ஃபிரேமோட சேத்து கீழ இறக்கி, அத்தன போல்ட் ஓட்டையும் துளைச்சு ஸ்டட் (போல்ட்டுக்கு பதிலா நிக்கிற மரைக் கம்பி) இல்லன்னா இன்செர்ட் (புது மரை உள்ள உறை) போடணும். அந்த 4,200-ல ஸ்டட் வேலை இருக்கான்னு கேட்டீங்களா? உங்க கோட்டேஷன்ல "ஹெட் கேஸ்கெட் செட், லேபர்"ன்னு மட்டும்தான் இருக்கு. அது இல்லன்னா 4,200 வாங்கிட்டு திரும்ப அதே எடத்துல கொண்டு வந்து விடுவாங்க.

அதுக்கும் முன்னாடி, கேஸ்கெட்தான்னு யார் உறுதியா சொன்னது? கடைக்காரர் பாத்த உடனே சொன்னார்னு எழுதியிருக்கீங்க. வேற கடைக்கு போய் ப்ளாக் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. ஒரு சின்ன டியூப்ல நீல கலர் திரவம் இருக்கும், அத கூலன்ட் டேங்க் வாய்ல வச்சு காத்த உறிஞ்சுவாங்க, எஞ்சின் புகை கூலன்ட்டுக்குள்ள வந்துச்சுன்னா நீலம் மஞ்சளா மாறிடும். உங்க கண்ணு முன்னாடி பண்ணச் சொல்லுங்க, அஞ்சு பத்து நிமிஷ வேலை. கூடவே டேங்க் மூடியையும், டேங்குக்கு வர்ற சின்ன பர்ஜ் லைன் (மாட்டின காத்த வெளிய விடுற குழாய்) அடைச்சிருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க, அது அடைச்சாலும் காத்து மாட்டிக்கிட்டு இதே மாதிரி ஹைவேல சூடாகும், அதுக்கு ஆகுறது சில்லறை. அதுவரைக்கும் ஐ-75-ல ஏத்தாதீங்க. கூலன்ட் போனாலும் எஞ்சின் தன்னையே காப்பாத்திக்கும்னு பெரியப்பா சொல்லியிருப்பார், அப்படி ஒரு வசதி அதுல இருக்கறது உண்மைதான், சிலிண்டர மாத்தி மாத்தி எரிச்சு காத்துலயே ஆறவிட்டு கொஞ்ச தூரம் வீடு வந்து சேர வைக்கும். அது ஆபத்துக்கு, தினம் ஆபீஸ் போறதுக்கு இல்ல.

மஞ்சளா மாறிச்சுன்னா இந்த வண்டிக்கு 4,200 போடாதீங்கன்னுதான் நான் சொல்வேன். மிச்சிகன் உப்பு ரோட்ல 20 குளிர்காலம் பாத்த வண்டி, பிரேக் லைன் ஏற்கனவே துருப்பிடிச்சு போயிருக்கு, அடுத்து ஃபியூயல் லைன், அடுத்து எஞ்சின தாங்குற சப்ஃபிரேம். மாசம் 116-ங்கற உங்க கணக்குல இதுக்கெல்லாம் எடமே இல்ல. நல்லா ஓடினாலே 2,800 போகும், இப்ப இருக்கிற நெலமைல 700 கிடைக்கும்னு நீங்களே விசாரிச்சிருக்கீங்க. 4,200 செலவு பண்ணி 2,100 மதிப்ப வாங்குறீங்க, அதுவும் கடன் வாங்கி.

பணத்துக்கு வழி இதுதான். அந்த 3,400-ல இருந்து 2,680 எடுத்து கார்ட இந்த வாரமே அடைச்சுடுங்க. 720 தான் மிஞ்சும், பயமாத்தான் இருக்கும், எனக்கும் தெரியும். ஆனா சேவிங்ஸ்ல நீங்க வாங்குற வட்டி எங்க, 30 பர்சென்ட் எங்க? கார்டுக்கு கட்டின 94-ம் மிஞ்சுற 450-ம் சேந்தா 544. நீங்க வாரத்துக்கு ரெண்டு நாள்தான் ஆபீஸ் போறீங்க, வீட்ல உங்க மனைவியோட கொரோலா கார் சும்மா நிக்குது, அவங்களும் இப்ப வேலைக்கு போகல. கொஞ்ச நாள் ஒரே வண்டில ஓட்டுங்க, கேடிலாக்க வித்துட்டா இன்சூரன்ஸ் 140-ம் மிச்சம். மாசம் 684. நாலு மாசத்துல 2,736, பழையபடி 3,400-ஐ தாண்டிடும். அதுக்கப்புறம் இன்னும் ஏழு மாசம் போனா அடுத்த வண்டி வாங்க தனியா 4,700-க்கு மேல கையில ரொக்கம். நாலே மாசத்துல ஆபீஸுக்கு தினம் வரச் சொல்லிட்டா, அந்த வண்டிக்கு கிரெடிட் யூனியன்ல (உறுப்பினர்களே நடத்துற கூட்டுறவு பேங்க்) 5,000 கடன் வாங்கி 36 மாசத்துல கட்டுங்க, 9 பர்சென்ட்னாலும் மாசம் 159 தான், அதுக்கு மேல போகாதீங்க.

பெரிய அமெரிக்கன் செடான்தான் வேணும்னு ஆசை இருந்தா, தப்பில்ல, 2006-ல இருந்து 2008 வரைக்கும் வந்த ப்யூக் லூசர்ன்ல 3800 வி6 எஞ்சின் உள்ளத தேடுங்க. பெரியப்பா வண்டி தயாரான அதே ஹாம்ட்ராம்க் ப்ளான்ட்ல செஞ்சதுதான், சீட்டும் சொகுசும் கிட்டத்தட்ட அதே மாதிரி, எஞ்சின் மட்டும் பழைய காலத்து இரும்பு பிளாக், எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். வி8 போட்ட லூசர்ன எடுத்துடாதீங்க, அதுலயும் இருக்கறது நார்த்ஸ்டார்தான். வாங்கறதுக்கு முன்னாடி லிஃப்ட்ல ஏத்தி அடிய பாருங்க, தெற்கத்தி ஸ்டேட்ல ஓடின வண்டி கிடைச்சா கொஞ்சம் கூட குடுத்தாலும் பரவால்ல.

கடைசியா பெரியப்பா. லெட்டர்ல நீங்க அதிகமா எழுதினதே அவரப் பத்திதான். சின்ன வயசுல இருட்டு ரோட்ல உங்கள முன் சீட்ல உக்கார வச்சு, கண்ணாடில நைட் விஷன்ல மான் வெள்ளையா தெரியறத காட்டினார்னு எழுதியிருந்தீங்களே, அத ரெண்டு தடவ படிச்சேன். அந்த மனுஷனுக்கு நீங்க வட்டி கட்டுறது தெரியாது தம்பி, நீங்க சொல்லல. வாரா வாரம் "நல்லா இருக்கு பெரியப்பா"ன்னு சொல்லிட்டு இருக்கீங்க. டைட்டில் அவர் பேர்ல, அவர் கையெழுத்து இல்லாம நீங்க விக்கவும் முடியாது, அவர் வண்டிக்கு உங்க பேர்ல 3,100 செலவு பண்ணியிருக்கீங்க, நாளைக்கு ஆக்சிடன்ட் ஆனா இன்சூரன்ஸ்ல அது வேற சிக்கல். அதனால போன்ல வேண்டாம், நேர்ல போங்க. அந்த அஞ்சு பில்லையும் கார்டு ஸ்டேட்மென்ட்டையும் ஒரு ஃபைல்ல போட்டு எடுத்துட்டு போய் அவர் முன்னாடி வைங்க. கார் ஊர்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவர், நார்த்ஸ்டார் போல்ட் கதை உங்கள விட அவருக்கு நல்லா தெரிஞ்சிருக்கும். வண்டிய நிறுத்தி வச்சே தீரணும்னு அவர் சொன்னா, அவர் கராஜ்ல அவர் செலவுல நிக்கட்டும், அதுக்கு நீங்க வருத்தப்படத் தேவையில்ல.

முதல்ல ப்ளாக் டெஸ்ட். நீலமாவே நின்னுச்சுன்னா எனக்கு எழுதுங்க, அப்ப கணக்கு வேற மாதிரி போடணும்.