தலையில் ஈரப் பஞ்சு, 2 மில்லி ஆம்பியர்: மனச்சோர்வு கேள்வி-பதில்

அம்மாவின் மனச்சோர்வுக்கு, தலையில் மெல்லிய மின்சாரம் செலுத்தும் ‘டிடிசிஎஸ்’ சிகிச்சை கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். இது சினிமாவில் காட்டும் ஷாக் தானே?

இல்லை. ஷாக் என்று நாம் சொல்லும் ஈசிடியில் சுமார் 800 மில்லி ஆம்பியர் மின்சாரத்தைச் சில நொடிகள் செலுத்தி வலிப்பை வரவழைப்பார்கள். அதுவும் சினிமா மாதிரி இல்லை. மயக்க மருந்தில்லாமல் ஈசிடி கொடுப்பதை 2017 மனநலச் சட்டமே தடை செய்திருக்கிறது.

டிடிசிஎஸ்ஸில் ஓடுவது 2 மில்லி ஆம்பியர்தான். அம்மா விழித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுகளை நெற்றியின் மேற்பகுதியில் பட்டையால் இறுக்கி, அரை மணி நேரம் விடுவோம். முதலில் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுக்கும். அப்புறம் பலருக்கு மறந்தே போகும்.

மாத்திரையை நிறுத்திவிட்டு இதற்கு மாறலாமா?

அவசரப்படாதீர்கள். 2017இல் பிரேசிலில் 245 பேரிடம் நடந்த ஆய்வில் டிடிசிஎஸ் போலிச் சிகிச்சையை வென்றது. ஆனால் எசிடாலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரைக்கு ஈடு என்று காட்ட முடியவில்லை. (போலி என்றால், தொடக்கத்தில் குறுகுறுப்பு வருமளவுக்கு மட்டும் மின்சாரம் விட்டு நைசாக நிறுத்திவிடுவது. பஞ்சு தலையில்தான் இருக்கும், நோயாளிக்குத் தெரியாது.) 2023இல் வெளியான ஜெர்மனி ஆய்வில் மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தும் போலியை மிஞ்சவில்லை. அடுத்த ஆண்டு, 174 பேர் வீட்டிலேயே பத்து வாரம் போட்டுக்கொண்ட ஆய்வில் சுமார் 45 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டார்கள்; போலியில் 22. ஆக, சிலருக்கு நன்றாகவே கேட்கிறது, யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. மாத்திரை ஒத்துக்கொண்டால் அதை விடாதீர்கள்.

யாருக்குக் கூடாது?

மண்டைக்குள் உலோகம், பேஸ்மேக்கர், வலிப்பு நோய், பஞ்சு வைக்கும் இடத்தில் புண் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருந்ததுண்டா என்பதையும். அந்த நிலை திரும்பக்கூடும்.

கல்லூரி படிக்கும் மகன் யூடியூப் பார்த்து 9 வோல்ட் பேட்டரியில் தானே இதைச் செய்துகொள்கிறான். விடலாமா?

முதலில் அதை அவனிடமிருந்து வாங்கி வையுங்கள். பேட்டரி சின்னதுதான், ஆனால் பஞ்சு காய்ந்தால் மின்சாரம் ஒரே புள்ளியில் குவிந்து தோல் பொசுங்கும். நேர்முனை பொதுவாக இடது நெற்றிக்கு மேலே வர வேண்டும். வயரை மாற்றி மாட்டினால் விளைவும் மாறலாம். வாங்கி வைத்த கையோடு, திட்டாமல், எதற்காக ஆரம்பித்தான் என்று கேளுங்கள். படிப்பில் கவனம் வேண்டும் என்பான். தூக்கம், சாப்பாடு எப்படி என்றும் கேளுங்கள். பதில் சரியாக இல்லை என்று தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு இருவரும் சேர்ந்தே கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.