ஏசிக்கு அடியில் எட்டு மணி நேரம்: அலுவலகத்துக்கு எந்த க்ளோஸ்டு-பேக் ஹெட்ஃபோன்?

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஐடி வேலை. தடுப்பு இல்லாத வரிசை மேசைகள். என் தலைக்கு மேலே ஏசி டக்ட், பின்வரிசையில் சப்போர்ட் டீம் நாள் முழுக்க ஃபோனில். அலுவலக லேப்டாப்பில் புளூடூத்தை முடக்கி வைத்திருக்கிறார்கள். கண்ணாடி போடுகிறேன். ராஜா பாட்டும் கர்நாடகக் கச்சேரிப் பதிவுகளும்தான் அதிகம் கேட்பேன். 12,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். 250 ஓம்தான் நல்ல ஒலி தரும் என்கிறார்கள் சிலர், 32 ஓம் போதும் என்கிறார்கள் சிலர். எதை வாங்குவது?

பதில்: ஓம் (ஹெட்ஃபோனின் மின்தடை அளவு) கணக்கைப் பிறகு பார்ப்போம். உங்கள் கேள்வியில் முதலில் கவனிக்க வேண்டியது கண்ணாடி.

க்ளோஸ்டு-பேக், அதாவது கப்பின் பின்புறம் மூடிய ஹெட்ஃபோனில் பேஸ் நிற்பதே, காதைச் சுற்றி பேடு காற்றுப் புகாமல் உட்கார்வதால்தான். கண்ணாடி ஃப்ரேமின் கை பேடுக்கும் கன்னத்துக்கும் நடுவே புகுந்து போகிறது. அது போகும் இடத்தில் மேலும் கீழும் சின்னதாக இடைவெளி விழும். மேல்ஸ்தாயி ஒலிக்கு அதனால் பெரிய பாதிப்பில்லை. கீழ்ஸ்தாயி அந்த வழியாக வெளியே ஓடிவிடும். மிருதங்கத்தில் வலந்தலையின் (வலப்பக்கம்) ‘நம்’ கணீரென்று கேட்கும், தொப்பியின் (இடப்பக்கம்) ‘தொம்’ மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் வற்றிப்போகும். ‘இதில் பேஸே இல்லை’ என்று திருப்பி அனுப்பப்படும் ஹெட்ஃபோன்களில் கணிசமானவை பழுதில்லாதவை. பேடு சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான்.

சோதிப்பது எளிது. தனி ஆவர்த்தனம் உள்ள ஒரு பதிவை ஓடவிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் கப்புகளைத் தலையோடு மெல்ல அழுத்துங்கள். தொப்பி ஒலி சட்டென்று பெருத்தால் அடைப்பு போதவில்லை. அடுத்து கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே இடத்தைக் கேளுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அந்த பேடு உங்களுக்கு ஆகாது; எத்தனை நல்ல டிரைவர் (ஒலியெழுப்பும் பகுதி) உள்ளே இருந்தாலும் பயனில்லை. மெல்லிய உலோகக் கை உள்ள ஃப்ரேம் குறைவாகத் தொந்தரவு செய்யும், தடித்த பிளாஸ்டிக் ஃப்ரேம் அதிகம். இன்னொன்று: உங்கள் பாட்டு பக்கத்து மேசைக்குக் கசிவதும், வெளிச்சத்தம் உங்களுக்குள் வருவதும் பெரும்பாலும் இதே இடைவெளி வழியாகத்தான்.

உங்களைச் சுற்றி இரண்டு வகைச் சத்தம் இருக்கிறது. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. ஏசியின் உறுமல் கீழ்ஸ்தாயி. பேடும் கப்பும் மட்டுமே தடுப்பு என்றால் அது ஏறத்தாழ அப்படியே உள்ளே வரும். பேச்சு வேறு. அதில் சொல்லை அடையாளம் காட்டும் ‘ச’, ‘ட’, ‘க’ போன்ற மெய்யொலிகளின் கூர்மை 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் அதிகம். அந்தப் பகுதியைத்தான் க்ளோஸ்டு-பேக் நன்றாக வெட்டும். பின்வரிசைக்காரர் பேசுகிறார் என்பது தெரியும், என்ன பேசுகிறார் என்பது புரியாது. வேலையைக் கெடுப்பது சத்தத்தை விட அதன் அர்த்தம் என்பதால், உங்களுக்கு வேண்டிய உதவி இதுவே. பெட்டியில் ‘32 டெசிபல் வரை தடுக்கும்’ என்று (சென்ஹைசர் எச்டி 280 புரோவில் அப்படித்தான்) போட்டிருந்தால் அந்த ‘வரை’யைக் கவனியுங்கள். அது உச்ச மதிப்பு, எல்லா ஸ்தாயிக்கும் பொதுவானது அல்ல.

வெளிச்சத்தத்தை மின்னணு முறையில் அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் ஏன் வேண்டாம் என்று கேட்கலாம். வயர் செருகிப் பயன்படுத்தக்கூடிய மாடல்கள் இருக்கின்றன, புளூடூத் முடக்கம் அவற்றுக்குத் தடையில்லை. ஏசி உறுமலை அவை அழகாக அடக்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது: அந்த உறுமல் இதுவரை பின்வரிசைப் பேச்சை ஓரளவு மூடிக்கொண்டிருந்தது. அதை நீக்கியதும் பேச்சு முன்பைவிடத் தெளிவாகக் கேட்பதாகப் பலர் புலம்புவார்கள். ஏசிதான் உங்களுடைய முதல் எரிச்சல் என்றால் நாய்ஸ் கேன்சலிங் வாங்குங்கள். பேச்சுதான் எரிச்சல் என்றால் நன்றாக அடைக்கும் சாதாரண க்ளோஸ்டு-பேக்கே போதும். 12,000 ரூபாயில் ஒலித்தரமும் அதில்தான் கூடுதல்.

இனி ஓம். ஓம் எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கூடவே சென்சிட்டிவிட்டியும் வேண்டும், அதாவது 1 மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் என்ற எண். லேப்டாப் ஜாக் முழு வால்யூமில் 1 வோல்ட் தருவதாக வைத்துக்கொள்வோம். வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் வாட். பேயர்டைனமிக் டிடி 770 புரோ 250 ஓம், 96 டெசிபல்: கிடைப்பது 4 மில்லிவாட், அதிகபட்சம் 102 டெசிபல். அதே மாடலின் 80 ஓம் வகையில் 107, 32 ஓம் வகையில் 111. ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் 38 ஓம், 99 டெசிபல்: 113. சோனி எம்டிஆர்-7506 என்பது 63 ஓம், ஆனால் நிறுவனம் தரும் சென்சிட்டிவிட்டி 106. அது 118 வரை போகும். 63 ஓம் 32 ஓமைவிடச் சத்தமாகப் பாடுகிறது, பாருங்கள்.

102 போதாதா என்றால், புதிய சினிமாப் பாட்டுக்குப் போதும். ஆனால் அது உச்சவரம்பு. சராசரி ஒலி அதற்கு 15 முதல் 20 டெசிபல் கீழே ஓடும். தாழ்ந்த அளவில் பதிவான பழைய கச்சேரிகளில் இன்னும் கீழே. 1 வோல்ட்டில் பாதிதான் தரும் ஜாக் என்றால் அதிலிருந்து மேலும் 6 டெசிபல் கழியும். வால்யூம் உச்சியில் நின்றும் ஆலாபனை எட்டாது. 250 ஓம் வகை ஸ்டூடியோ கன்சோலுக்கும் தனி ஆம்பிளிஃபயருக்கும் ஏற்றது. அதில் ஒலி நன்றாக இருக்கிறது என்பவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் மேசையில் ஆம்பிளிஃபயர் இருக்கிறது. உங்கள் மேசைக்கு 80 ஓமுக்குள் எதுவும் சரி.

கேபிளையும் பாருங்கள், இதை யாரும் சொல்வதில்லை. டிடி 770-இன் 80 ஓம், 250 ஓம் வகைகளில் 3 மீட்டர் கேபிள், கழற்ற முடியாதது. அலுவலகத்தில் அது நாற்காலிச் சக்கரத்தில் மாட்டும். மாட்டினால் முதலில் போவது செருகும் பின்னோடு கேபிள் சேரும் கழுத்து, ஒரு காது விட்டு விட்டுக் கேட்கத் தொடங்கும். 32 ஓம் வகையில் 1.6 மீட்டர்தான். ஆடியோ-டெக்னிகாவின் எம்40எக்ஸ், எம்50எக்ஸ் இரண்டிலும் கேபிள் கழன்று வரும், மேசைக்கு 1.2 மீட்டர் நேர்கேபிளைப் போட்டுக்கொள்ளலாம், கெட்டாலும் கேபிளை மட்டும் மாற்றினால் போதும். 7506-இல் சுருள் கேபிள், கழற்ற முடியாதது, எழுந்து நின்றால் தலையைக் கீழே இழுக்கும்.

உங்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை டிடி 770 புரோ 32 ஓம், அதனுடன் தனியாக வெல்வெட் போன்ற வெலூர் பேடு. அதன் பேடு ஆழமும் அகலமும் மென்மையும் உள்ளது, ஃப்ரேமின் கையைச் சுற்றி அமுங்கிக்கொடுக்கும். எடை 270 கிராம் அளவில். வெலூர் வியர்வையைத் தாங்கும். அதற்கு விலையாக ரெக்சினைவிடச் சற்றுக் கூடுதலாக வெளிச்சத்தம் வரும். எட்டு மணி நேரம் கழற்றாமல் இருக்கவேண்டிய ஒருவருக்கு இது நல்ல பேரம்தான். ஒரு குறை உண்டு. மேல்ஸ்தாயி சற்றுத் தூக்கல்: பாடகரின் ‘ஸ’ சீறும், வயலினில் வில்லின் உரசல் முன்னே வரும். பாட்டுச் செயலியிலேயே ஈக்வலைசர் இருந்தால் 8 கிலோஹெர்ட்ஸ் பட்டையை 3 டெசிபல் இறக்கிவிடுங்கள்.

விலை உங்கள் தொகையைத் தாண்டி நின்றால் (கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும்) எம்40எக்ஸ். 240 கிராம், 35 ஓம், எம்50எக்ஸைவிடச் சமநிலையான ஒலி. ராஜா பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு போகுமே, அது வீங்காமல் வரிவரியாகக் கேட்கும். அதன் பேடுதான் சுமார்: ஆழம் குறைவு, காது மடல் உள்துணியில் இடிக்கும், கண்ணாடியோடு ஒரு மணி நேரத்தில் பொட்டு வலிக்கும். மெமரி ஃபோம் வைத்த தடித்த மாற்று பேடு தனியாகக் கிடைக்கிறது. அந்தச் செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள். எம்50எக்ஸ் பிரபலமானது, ஆனால் 285 கிராம், பிடியும் இறுக்கம். எச்டி 280 புரோ நன்றாக அடைக்கும். கண்ணாடிக்காரருக்கு அதன் பிடி தண்டனை. 7506 சுமார் 230 கிராம், 1991 முதல் விற்பனையில் இருக்கும் உழைப்பாளி. அடைப்பு குறைவு, மேல்ஸ்தாயி கூர்மை. எடிட்டிங் செய்பவர்களுக்கு அது வசதி, நாள் முழுக்கப் பாட்டு கேட்பவருக்குச் சோர்வு.

கடையில் போட்டுப் பார்க்க முடிந்தால் இரண்டு நிமிடத்தில் முடிவெடுக்காதீர்கள். கண்ணாடியோடு குறைந்தது 20 நிமிடம் போட்டிருங்கள். காதுக்கு மேலே ஃப்ரேமின் கை அழுத்தும் இடமும் உச்சந்தலையும்தான் முதலில் வலிக்கும். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் நாட்களுக்குள் ஒரு முழு வேலைநாள் அணிந்து பாருங்கள். பிடி மட்டும்தான் குறை என்றால், உங்கள் தலையைவிட இரண்டு சென்டிமீட்டர் அகலமான புத்தக அடுக்கில் ஓரிரவு மாட்டி வையுங்கள், இளகும். கையால் வளைத்தால் கீல் உடையும். அளவுக்கு மீறி இளக்கினால் பேடு அடைக்காது, தொப்பி ஒலி மறுபடி போய்விடும்.

வால்யூமுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 83-க்கு 20 மணி நேரம்தான். காலையில் தளம் காலியாக இருக்கும்போது வசதியான வால்யூமை வைத்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதினொரு மணிக்கு நீங்கள் அதைவிட ஏழெட்டுப் படி மேலே போயிருந்தால், பேடு அடைக்கவில்லை என்று பொருள்.

நம் ஊர் ஈரப்பதத்தில் ரெக்சின் பேடு சில ஆண்டுகளில் கறுப்புச் செதிலாக உரிந்து காதெல்லாம் ஒட்டும். தலைக்கு எண்ணெய் வைப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். சானிடைசர் போட்டுத் துடைப்பது அதை வேகப்படுத்தும். மாலையில் உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு போதும், வியர்வை ஈரத்தோடு பையில் மூடாதீர்கள். வெலூர் பேடைக் கழற்றி மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்கக் காயவைத்து மாட்டலாம். எம் வரிசையில் மாற்று பேடு மாட்டுவது பலரையும் திணறடிக்கும். பேடின் பின்விளிம்பில் மெல்லிய உதடு ஒன்று இருக்கும், அது கப்பைச் சுற்றியுள்ள பள்ளத்துக்குள் போகவேண்டும். கீழ்ப்பக்கம் கொஞ்சம் உதட்டை நுழைத்து, பழைய ஏடிஎம் கார்டின் முனையால் மீதியைத் தள்ளிக்கொண்டே பேடைச் சுழற்றுங்கள். டிரைவர் மேலுள்ள துணியில் விரல் படக் கூடாது.

கடைசியாக மீட்டிங். நாம் சொன்ன எதிலும் மைக் கிடையாது, லேப்டாப் மைக்தான் வேலை செய்யும். இவற்றின் செருகும் பின்னில் இரண்டு கறுப்பு வளையம். மைக் உள்ள ஹெட்செட் பின்னில் மூன்று. செருகியதும் சில லேப்டாப்கள் ‘என்ன செருகினீர்கள்’ என்று கேட்கும். ஹெட்ஃபோன் என்று தேர்ந்தெடுங்கள். ஹெட்செட் என்று கொடுத்துவிட்டால் இல்லாத மைக்கை அது தேடும், நீங்கள் பேசுவது எதிர்முனைக்குப் போகாது. இரண்டு காதும் அடைத்திருந்தால் சொந்தக் குரல் மண்டைக்குள் குமுறும், தன்னை அறியாமல் குரலை உயர்த்துவீர்கள். பேசும்போது ஒரு கப்பைக் காதுக்குப் பின்னால் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.