கேப்ரியல் பட்டிஸ்டுட்டா: கேட்டவர்களுக்கெல்லாம் என் பதில்கள்

அர்ஜென்டினாவின் பழைய ஸ்ட்ரைக்கர் பட்டிஸ்டுட்டாவைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளை அப்படியே வைத்து, தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, மெஸ்ஸிக்கு முன்னால் அர்ஜென்டினாவுக்கு அதிக கோல் அடித்தவர் மரடோனாதானே?

இல்லை தம்பி, பட்டிஸ்டுட்டாதான். 54 கோல். மரடோனா அடித்தது 34. 2016 கோபா அமெரிக்கா (தென் அமெரிக்க நாடுகளின் கோப்பை) அரையிறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக ஒரு ஃப்ரீ கிக்கில் மெஸ்ஸி 55-ஐத் தொடும்வரை அந்தச் சாதனை இவர் பெயரில்தான் இருந்தது.

சின்ன வயதிலிருந்தே கால்பந்து வெறியரா?

இல்லை, அதுதான் ஆச்சரியம். 1969-ல் சாண்டா ஃபே மாகாணத்தில் பிறந்து ரெகோன்கிஸ்டா என்ற ஊரில் வளர்ந்தவர், உயரமான பையன், பாஸ்கெட்பால் ஆடிக்கொண்டிருந்தார். 1978 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் கெம்பெஸ் ஆடியதைப் பார்த்த பிறகுதான் மனம் இந்தப் பக்கம் திரும்பியது. முதல் கிளப்பான நியூவெல்ஸ் ஓல்ட் பாய்ஸில் கோச் பியல்சா அவருடைய சாப்பாட்டைக் குறைத்து உடம்பை இறுக்கினார். அப்புறம் ரிவர் பிளேட், அங்கே கோச் பாசரெல்லா வெளியே உட்காரவைத்தார். எதிரி அணியான போகா ஜூனியர்ஸுக்குப் போனதும் கோச் தபாரெஸ் அவரை நடுவில், கோலுக்கு நேராக நிறுத்தினார். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம். 1991 கோபா அமெரிக்காவில் 6 கோல், இத்தாலியின் ஃபியோரென்டினா அணி உடனே வாங்கிவிட்டது.

செரி பி-க்கு, அதாவது இத்தாலியின் இரண்டாம் டிவிஷனுக்கு, இறங்கிய அணியில் ஏன் தங்கினார்? வாழ்க்கையையே வீணடித்த மாதிரி இல்லையா?

இதை நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1992-93 சீசனில் அவர் மட்டும் 16 கோல் அடித்தும் ஃபியோரென்டினா கீழே இறங்கியது. அதே கோடையில் ஈக்வடாரில் நடந்த கோபா அமெரிக்கா இறுதி ஆட்டத்தில் மெக்சிகோவை 2-1 என்று அர்ஜென்டினா வென்றது, இரண்டு கோலும் இவருடையது. அந்தக் கோப்பைக்குப் பிறகு அர்ஜென்டினா அடுத்த பெரிய கோப்பையைத் தூக்க 2021 வரை காத்திருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட ஒருவர் கையில் கோப்பையோடு திரும்பி வந்து இத்தாலியின் இரண்டாம் டிவிஷனில் ஆடினார், 16 கோல் அடித்து ஒரே வருடத்தில் அணியை மேலே கொண்டுவந்தார்.

வீணடித்தாரா? மேலே வந்த முதல் சீசனில், 1994-95-ல், தொடக்கத்திலிருந்து தொடர்ந்து 11 ஆட்டத்திலும் கோல். பழைய வீரர் பாஸ்குட்டியின் முப்பது வருடச் சாதனை போனது, சீசன் முடியும்போது 26 கோலோடு லீக்கில் முதலிடம். 1996-ல் கோப்பா இத்தாலியா (இத்தாலிய அணிகளின் நாக்-அவுட் கோப்பை) இறுதியின் இரண்டு ஆட்டத்திலும் அடித்தார். அதே வருடம் சூப்பர் கோப்பையில் (லீக் சாம்பியனும் கோப்பை வென்ற அணியும் மோதும் ஆட்டம்), மிலனை அதன் சொந்த மைதானத்திலேயே தோற்கடித்த இரண்டு கோலும் அவருடையதே. ஃபியோரென்டினா ரசிகர்கள் அவருக்குச் சிலையே வைத்தார்கள். எத்தனை லீக் பட்டம் வென்றார் என்ற ஒரே கணக்கில் ஒருவரை அளப்பது எனக்குப் பிடிக்காது, அந்த ஊருக்கு அவர் கொடுத்தது அதைவிடப் பெரிது.

ஃபியோரென்டினா ஒருமுறைகூட லீக் ஜெயித்திருக்க முடியாதா?

1998-99-ல் ஜெயித்திருக்கலாம். திராபட்டோனி கோச், ருய் கோஸ்டா பின்னாலிருந்து பந்து கொடுக்கிறார், பாதி சீசனில் முதலிடம். பிப்ரவரியில் மிலனுக்கு எதிராகப் பட்டிஸ்டுட்டாவின் முழங்கால் போனது. அதே நேரத்தில் அவரோடு முன்வரிசையில் ஆடிய பிரேசில்காரர் எட்முண்டோ ரியோ கார்னிவலுக்குக் கிளம்பிவிட்டார். கடைசியில் மூன்றாம் இடம். எனக்கு இன்றைக்கும் ஆறாத சீசன் அது.

அப்படியிருந்தும் 2000-ல் ரோமாவுக்குப் போனது துரோகம்தானே?

துரோகம் என்று சொல்லவே மாட்டேன். ஒன்பது வருடம் கொடுத்தாகிவிட்டது, வயது 31, கால் ஏற்கெனவே கெஞ்சுகிறது. ரோமா 70 பில்லியன் லிரா கொடுத்தது. அந்த நவம்பரில் ஃபியோரென்டினாவுக்கு எதிராகத் தூரத்திலிருந்து ஒரு வாலி (பந்து தரையில் படுமுன் அடிப்பது), ஆட்டத்தின் ஒரே கோல். கொண்டாடவில்லை, அழுதார். 2001 ஜூன் 17-ல் பார்மாவை 3-1 என்று வென்று ரோமா சாம்பியன் ஆனது, அதிலும் ஒரு கோல் இவருடையது. அந்த லீக் சீசனில் மொத்தம் 20. பட்டத்துக்காகப் போனார், பட்டத்தை உழைத்தே வாங்கினார்.

உலகக் கோப்பை?

10 கோல். 1994-ல் கிரீஸுக்கு எதிராக ஹாட்ரிக், 1998-ல் ஜமைக்காவுக்கு எதிராக ஹாட்ரிக். இரண்டு வெவ்வேறு உலகக் கோப்பைகளில் ஹாட்ரிக் அடித்தவர் வேறு யாரும் இல்லை.

2002-ல் இன்னொரு ஸ்ட்ரைக்கர் கிரெஸ்போவையும் இவரையும் சேர்த்து ஆடவைத்திருந்தால்?

அப்போது அர்ஜென்டினா கோச்சாக இருந்த பியல்சா ஒருவரை எடுத்துத்தான் மற்றவரை இறக்குவார். ஸ்வீடனுக்கு எதிராகவும் அதேதான், பட்டிஸ்டுட்டா வெளியே வந்தார், கிரெஸ்போ உள்ளே போய் சமன் செய்தார், ஆனாலும் அர்ஜென்டினா முதல் சுற்றோடு வீட்டுக்கு. இரண்டு பேரையும் சேர்த்தே இறக்கியிருக்க வேண்டும் என்பதுதான் என் முடிவு, யார் என்ன திட்டம் சொன்னாலும்.

சார், காலை வெட்டச் சொல்லி டாக்டரிடம் கேட்டார் என்கிறார்களே, வதந்தியா?

உண்மை. 2014-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே சொன்னது. கத்தாரில் அல் அரபி அணியோடு முடித்து 2005-ல் ஓய்வு பெற்றதும், கிட்டத்தட்ட ஒரே நாளில் நடக்க முடியாமல் போனது. கணுக்காலில் குருத்தெலும்பு தேய்ந்து எலும்பும் எலும்பும் உரச, உடம்பின் முழு எடையும் அதன்மேல். கழிவறை மூன்று மீட்டர் தூரத்தில் இருந்தும், எழுந்து நிற்கும் வலிக்குப் பயந்து படுக்கையிலேயே சிறுநீர் கழித்த இரவு ஒன்று உண்டு. மறுநாள் டாக்டரிடம் போய் கால்களை வெட்டிவிடுங்கள் என்றார், அவர் மறுத்துவிட்டார். பிறகு அறுவை சிகிச்சை, 2019-ல் ஒரு கணுக்காலில் செயற்கை மூட்டு. வலி இருந்தாலும் ஊசி போட்டுக்கொண்டு இறங்கிய வருடங்களின் விலை இது. ஒரு வீரர் ஊசியோடு ஆடுகிறார் என்று கேட்டால் நாம் கைதட்டுகிறோம், எனக்கு அது இப்போது முடிவதில்லை.

நான் 2005-க்குப் பிறகு பிறந்தவன் அண்ணா. எதிலிருந்து பார்க்க?

1999 அக்டோபர், வெம்ப்ளியில் ஆர்சனலுக்கு எதிராக ஃபியோரென்டினா. வலப்பக்கம் பெனால்டி பெட்டிக்குள் டிஃபெண்டர் வின்டர்பர்னைத் தாண்டி, இவ்வளவு குறுகின கோணத்தில் யாரும் அடிக்கத் துணியாத இடத்திலிருந்து, கோல்கீப்பர் சீமன் தலைக்கு மேலே. அடுத்து 1997-ல் கேம்ப் நோ, பார்சிலோனாவுக்கு எதிராக, கோல் அடித்துவிட்டு உதட்டில் விரல் வைத்து மொத்த மைதானத்தையும் அடக்குவார். இந்த இரண்டையும் பார்த்துவிட்டு 1994-95-ன் அந்த முதல் 11 ஆட்டத்தின் கோல்களை வரிசையாகப் பாருங்கள். எந்தக் கோல் பிடித்தது என்று எனக்குச் சொல்லுங்கள்.