சிக்னலை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

கேள்வி: பேருந்தில் போகும்போது, டவர் கண்ணெதிரே நின்றாலும் கைபேசியில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது, நாலடி தள்ளிப் போனதும் சரியாகிவிடுகிறது. எங்கே எவ்வளவு சிக்னல் கிடைக்கும் என்று கணக்கிட்டுத்தானே டவர் அமைக்கிறார்கள்?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: கணக்கிடுகிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு ஒரு வட்டாரத்தின் சராசரியைத்தான் சொல்லும். உங்கள் இருக்கையில் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லாது. ஜப்பானியப் பொறியாளர் ஒக்குமுராவும் அவரது குழுவினரும் தோக்கியோ வட்டாரத்தில் சிக்னலின் வலிமையை அளந்து 1968இல் வெளியிட்ட வரைகோடுகளை, ஹாட்டா என்பவர் 1980இல் சூத்திரமாக எழுதினார். 150 முதல் 1500 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களுக்குப் பொருந்தும் அந்தச் சூத்திரத்தின்படி, 30 மீட்டர் உயர ஆன்டெனாவிலிருந்து இருமடங்கு தொலைவுக்குப் போனால், தரை உட்பட எந்தத் தடையும் இல்லாத வெற்றுவெளியில் கால் பங்காகக் குறைய வேண்டிய சிக்னலின் திறன், நகரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

உங்கள் சிக்கல் அந்தச் சராசரிக்குள் ஒளிந்திருக்கிறது. கட்டடங்களிலும் வாகனங்களிலும் பட்டுத் திரும்பும் அலைகள் பல வழிகளில் வந்து சேரும்போது, ஒன்றின் முகடும் மற்றொன்றின் பள்ளமும் சந்தித்தால் இரண்டும் அழிந்துபோகின்றன. 900 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 33 சென்டிமீட்டர். ஆகவே ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில் சிக்னல் விழுந்து எழக்கூடும். நேரடி அலை இல்லாமல் எதிரொலித்தவை மட்டுமே வரும் இடங்களில், ஏறத்தாழ பத்தில் ஓர் இடத்தில் திறன் சராசரியின் பத்தில் ஒரு பங்குக்கும், நூறில் ஓர் இடத்தில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போகும் என்கிறது ராலே பரவல் என்ற நிகழ்தகவுக் கணக்கு. எத்தனை இடங்களில் என்பது தெரியும். எந்த இடத்தில் என்பது தெரியாது. (கண்ணில் படும் டவர் வேறு நிறுவனத்துடையதாகவும் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.)

அடுத்த சில மில்லி நொடிகளுக்கான கணிப்பு வேறு வகை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பேருந்து 5 மில்லி நொடியில் 8 சென்டிமீட்டர் நகர்கிறது. 1800 மெகாஹெர்ட்ஸில் அது அரை அலைநீளம். எனவே கைபேசி அளந்து அனுப்பும் தகவல், டவர் அதைப் பயன்படுத்துவதற்குள் பழசாகிவிடுகிறது. அந்தச் சிறு தொலைவுக்குள் ஒவ்வொரு அலையும் வரும் திசையும் அதன் டாப்ளர் பெயர்ச்சியும் (நகர்வதால் அலையின் அதிர்வெண்ணில் தோன்றும் மாற்றம்) பெரிதாக மாறுவதில்லை என்பதால், அண்மையில் அளந்த மதிப்புகளைக் கொண்டு அடுத்த மதிப்பைக் கணிக்க முடிகிறது. பேருந்து திரும்பினாலோ பக்கத்தில் ஒரு லாரி வந்தாலோ அலைகளின் கூட்டமே மாறி, கணிப்பு பொய்த்துவிடும். நடந்து செல்பவருக்கோ அதே நேரத்தில் நகர்வு அரை சென்டிமீட்டர்தான். பழைய அளவே போதும். கணிப்பை மட்டும் நம்ப முடியாததால்தான் டவரில் ஆன்டெனாக்களைப் பிரித்து வைக்கிறார்கள். ஒன்றில் சிக்னல் விழும் கணத்தில் மற்றொன்றிலும் விழும் வாய்ப்பு குறைவு.