மணி போல ஒலித்தால் சுடலாமா? ஒரு பழைய 10 போர் குதிரைத் துப்பாக்கி பற்றி

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். 1880களில் பர்மிங்காமில் செய்த 10 போர் (குழல் துளையின் அளவு) ஹேமர் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று ஏலத்துக்கு வருகிறது. இரும்பும் எஃகும் முறுக்கிச் சுற்றி ஒட்டிய டமாஸ்கஸ் குழல். தட்டினால் மணி போல ஒலிக்கிறது, சுடலாம் என்கிறார் விற்பவர். வாங்கிச் சுடலாமா, சுவரில் மாட்டத்தான் லாயக்கா?

பதில்:

அந்த மணி ஓசையை முதலில் முடித்துவிடுவோம். குழல்களைக் கழற்றி, அடிக்கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டு, விரல் கணுவால் தட்டினால் நீளமாக ஒலிக்க வேண்டும். ஒலித்தால், இரண்டு குழலையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ரிப் பட்டையின் ஈயப்பற்று விடவில்லை என்று அர்த்தம். 'தொப்'பென்று செத்த ஓசை வந்தால் எங்கோ விட்டிருக்கிறது. அவ்வளவுதான் அது சொல்லும். மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குகிற பழக்கம் நமக்கு இருப்பதால் இது பெரிய சோதனை மாதிரி தோன்றுகிறது. பானையின் விரிசல் சுண்டினால் தெரியும். குழலின் சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது தெரியாது. காகித மெல்லிசாகத் தேய்ந்த குழலும் கோயில் மணி போல ஒலிக்கும்.

நீங்கள் இன்னும் பணம் கட்டவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கட்டியாகிவிட்டது என்றாலும் வேலை ஒன்றுதான்: அளக்க வேண்டும்.

புதியவர்களுக்காக: ஒரு பவுண்டு சுத்த ஈயத்தைப் பத்துச் சம உருண்டைகளாக்கினால், அதில் ஓர் உருண்டை சரியாகப் பொருந்தும் துளை 10 போர். 0.775 இஞ்ச், சுமார் 19.7 மி.மீ. எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். சாதாரண 12 போர் 0.729 இஞ்ச், 8 போர் 0.835, 4 போர் 1.052. ஊசியை அடிக்கும் ஹேமர் என்பதற்கு நம்மிடம் 'குதிரை' என்று நல்ல பழைய சொல் இருக்கிறது, அதையே எழுதுகிறேன். இந்த இடத்தில் ஒரு ஆதங்கம்: தமிழ்ச் செய்திகளில் நீளமாக எது இருந்தாலும் 'ரைபிள்'. ரைபிள் என்றால் குழலுக்குள் முறுக்கு வரி இருக்கும், ஒற்றைக் குண்டு போகும். இது ரவை போடுகிற வழவழப்புத் துளை. மருந்து, ரவை, கட்டை, குதிரை என்று ஊரில் பேச்சிலேயே சொல் இருக்கும்போது எழுத உட்காருகிறவர்களுக்கு மட்டும் அது ஏன் கிடைப்பதில்லை என்று தெரியவில்லை.

சரி, குழல். லேத் பட்டறையில் சொல்கிற 'தௌ' கணக்கில் பேசுவோம்; ஓர் இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு கருவிகள் வேண்டும்: துளையின் விட்டம் பார்க்கும் போர் கேஜ், சுவர்த் தடிப்பு பார்க்கும் கேஜ். இவற்றை வைத்திருக்காத துப்பாக்கிப் பட்டறைக்காரரிடம் பழைய துப்பாக்கி காட்டுவதில் பயனில்லை. தோட்டா உட்காரும் அறைக்கு அடுத்த இடம், பின்பக்கத்திலிருந்து 9 இஞ்ச், நடு, வாயிலிருந்து 4 இஞ்ச் உள்ளே என்று குறைந்தது நாலு இடத்தில், சுற்றிச் சுற்றி அளக்க வேண்டும். ஒரு பக்கம் 40 தௌ, மறுபக்கம் 22 என்று கோணலாக இருப்பது பழைய குழலில் அதிசயமே இல்லை. அறையை ஒட்டிய பகுதி 100 தௌவுக்குக் குறையாமல் இருந்தால் நிம்மதி. முன்பக்கத்தில் 12 போருக்கு 20 தௌ வரை ஒப்புக்கொள்வார்கள். 10 போருக்கு 25க்குக் கீழே நான் சம்மதிக்க மாட்டேன். ஒரே அழுத்தத்தில் துளை பெரிதாக ஆகச் சுவர் தாங்க வேண்டிய இழுவிசையும் கூடுகிறது, போதாக்குறைக்குப் பெரிய போரில் போகிற மருந்தும் ரவையும் அதிகம். "என்னுடையது 18 தௌ, இருபது வருடமாகச் சுடுகிறேன்" என்று கீழே யாராவது எழுதலாம். சந்தோஷம், சுடுங்கள்.

சுவர் எப்படித் தேய்கிறது? கருமருந்துக் கசடு ஈரத்தை இழுத்து உள்ளே குழி போடும். குழியைப் போக்க ஒருவர் உள்ளே தேய்ப்பார். நெளிவை எடுக்க இன்னொருவர் வெளியே அரம் போடுவார். டமாஸ்கஸின் வரி தெளிவாகத் தெரிய வேண்டுமென்று மூன்றாமவர் மறுபடி பாலிஷ் போட்டுப் பழுப்பு ஏற்றுவார். நூற்று நாற்பது வருடத்தில் ஆளுக்கு ஐந்து தௌ. ஏலப் பட்டியலில் 'துளை பளபளப்பாக உள்ளது' என்று எழுதியிருந்தால் நான் முதலில் பயப்படுவது அதனால்தான். மேல் வரிகளை நாலு கோணத்தில் படம் எடுத்துப் போடுவார்கள்; குழலின் அடியில் முத்திரை இருக்கும் தட்டையான பகுதியை மட்டும் போட மாட்டார்கள். கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அதுவே பதில்.

அந்த முத்திரைகள்தான் ஜாதகம். குழல் தாங்குமா என்று சுட்டுப் பார்த்து முத்திரை அடிக்கும் பர்மிங்காம் சோதனைச் சாலை 1813 முதல் இருக்கிறது, லண்டனில் அதற்கும் முந்தியது. 1904க்கு முந்திய பர்மிங்காம் முத்திரையில் குறுக்காக வைத்த இரு செங்கோல்கள், மேலே கிரீடம், பக்கத்தில் எழுத்துகள். 'நாட் ஃபார் பால்' என்று இருந்தால் 1875க்கும் 1887க்கும் இடையில் சோதித்தது, சோக் (வாயருகே குறுகல்) உள்ள குழல். வைரக் கட்டத்துக்குள் 10, அதன் கீழ் சி என்றால் 1887க்குப் பிறகு. கிரீடத்தின் கீழ் என்.பி. இருந்தால் புகையில்லா மருந்துக்கும் சோதித்தது, 1904 விதிகளுக்குப் பிந்தையது. டமாஸ்கஸ் என்றாலே புகையில்லா மருந்து ஆகாது என்பது பாதி உண்மை. அந்தச் சோதனையில் தேறிய டமாஸ்கஸ் குழல்கள் உண்டு. ஆனால் முத்திரை அன்றைய குழலுக்கு அடித்தது, இன்றைய குழலுக்கு அல்ல. அறை 10ஆக இருக்க, துளை 11 என்று அடித்திருப்பதும் சகஜம். இன்றைய அளவு, அடித்த எண்ணைத் தாண்டி அடுத்த அளவுக்குப் போயிருந்தால் முத்திரை செல்லாது. பிரிட்டனில் அப்படிப்பட்டதைச் சுடுவதற்கென்று விற்பது குற்றம். மறுசோதனைக்கு அனுப்பலாம். குழல் வீங்கித் திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு, அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு அனுப்புங்கள்.

பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். ரிப்பில் இருப்பது பெரும்பாலும் விற்ற கடையின் பெயர். நாம் கடிகாரக் கடையாக அறிந்த மெட்ராஸ் பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயர் பொறித்த துப்பாக்கிகளும் ஏலத்துக்கு வருவதுண்டு, செய்தவர் வேறு. பெல்ஜியத்திலிருந்து பிரபல ஆங்கிலப் பெயரைக் கொஞ்சம் மாற்றி அடித்து வந்தவையும் ஏராளம். பெரிய போரில் டோலி, கிரீனர், பிளாண்ட், ஸ்காட், அமெரிக்காவில் பார்க்கர், கோல்ட் 1878, ரெமிங்டன் 1889 இவையெல்லாம் தேடிப் போகத் தக்கவை.

அடுத்து அறையின் நீளம். பழைய 10 போரில் 2⅝ இஞ்ச் உண்டு, 2⅞ இஞ்ச் உண்டு. இன்று கடையில் கிடைக்கும் 10 போர் தோட்டா அநேகமாக 3½ இஞ்ச் மேக்னம், 1932க்குப் பிறகு வந்த சங்கதி. அதை இந்தத் துப்பாக்கியின் பக்கமே கொண்டு போகாதீர்கள். 2⅞ தோட்டாவை 2⅝ அறையில் போட்டால் மூடிக்கொள்ளும். தோட்டாவின் வாய் உள்ளே மடிந்திருப்பதால் ஏமாற்றும். சுடும்போது அந்த மடிப்பு விரிந்து குறுகும் கூம்புப் பகுதிக்குள் நீண்டு வழியை அடைக்கும், அழுத்தம் ஏறும். 12 போர் தோட்டா போட இடைக்குழாய் விற்கிறார்கள். அது அறையின் அளவைத்தான் மாற்றும், தோட்டாவின் அழுத்தத்தைக் குறைக்காது.

இயக்கப் பகுதியை வீட்டிலேயே பார்க்கலாம். முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியின் கட்டையைக் கக்கத்தில் இடுக்கி, குழலைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். 'கடக்' என்று உணர்ந்தாலோ, பின்பக்க இடுக்கில் வெளிச்சம் தெரிந்தாலோ முகம் விட்டிருக்கிறது, அதாவது குழலின் பின்முகம் இயக்கப் பகுதியோடு ஒட்டி உட்காரவில்லை. கீல் ஊசியைப் பெரிதாகச் செய்து மாட்டுவதுதான் வைத்தியம். பித்தளைத் தகடு ஒட்டி இறுக்கியிருந்தால் அதை மறைத்து விற்கப் பார்க்கிறார்கள். பெரிய போரில் விசைக்காவலுக்கு அடியில் சுற்றி வரும் ஜோன்ஸ் நெம்புகோல் மெதுவானது, ஆனால் பலமானது. பூட்டின் வில் குதிரைக்குப் பின்னால் இருக்கும் பேக் ஆக்‌ஷனையும் வேண்டுமென்றேதான் வைத்தார்கள். முன்பக்க உலோகத்தைக் குடையாமல் விடலாம். பார்க்க நளினமில்லை என்று ஒதுக்க வேண்டாம்.

குதிரை அடித்ததும் தானே சற்றுப் பின்வாங்குகிறதா? 1867இல் ஸ்டான்டன் காப்புரிமை எடுத்த முறை அது. பின்வாங்காத பழைய பூட்டு என்றால் ஊசி, தோட்டாவின் அடியில் பற்றவைக்கும் கேப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கும். குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தும் அரைக் குதிரையில் வைக்காமல் திறக்கவோ மூடவோ கூடாது. அரைக் குதிரையில் வைத்துக் கட்டைவிரலால் நன்றாக முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள். நழுவினால் பல் தேய்ந்திருக்கிறது. பிறகு, காலித் துப்பாக்கியில் இரண்டு குதிரையையும் முழுக்க இழுத்து நிறுத்திவிட்டு, கட்டையின் அடியை ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். ஒன்று விழுந்தாலும் சுடுமிடத்தில் இரண்டு குழலும் ஒன்றாக வெடிக்கும். ஊசிகளைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பழைய எண்ணெய் கோந்தாகி ஊசியை வெளியே நீட்டியபடி பிடித்துக்கொள்ளும், மூடும்போதே வெடிக்கும். கட்டையில் பூட்டுத் தகட்டின் பின்முனையில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். எண்ணெய் ஊறிக் கறுத்த மரம் அங்கேதான் பிளக்கும்.

இத்தனையும் தேறினால் தோட்டா. 2⅞ அறைக்குச் சொல்கிறேன். 3½ இஞ்ச் பிளாஸ்டிக் கூட்டை 73 மி.மீ.க்கு வெட்டிக்கொள்ளலாம். அந்தக் காலத்து அளவு 4¼ டிராம் (பழைய எடை அளவு) கருமருந்து, 1¼ அவுன்ஸ் ரவை. நீங்கள் 3½ டிராமில் தொடங்குங்கள்: 96 கிரெயின், மருந்து மணியின் பருமன் இரண்டு எஃப். மருந்தின் மேல் 3 மி.மீ. கெட்டி அட்டை, அதன் மேல் எண்ணெய் தடவிய 12 மி.மீ. நார் வாட் (அடைப்பு), 1¼ அவுன்ஸ் அதாவது 35 கிராம் ரவை, மெல்லிய மூடியட்டை, மிச்ச 6 மி.மீ. விளிம்பை உள்நோக்கிச் சுருட்டி மடிப்பு. 4 டிராம் என்றால் மருந்து 24, அட்டை 3, வாட் 12, ரவை 18 மி.மீ. உயரம், கூட்டின் உள்ளடி போகச் சரியாக அடங்கும். 3½ டிராமில் கொஞ்சம் இடம் மிஞ்சும், வாட்டை அந்த அளவுக்குத் தடிப்பாக்குங்கள். கருமருந்தின் மேல் வெற்றிடம் விடவே கூடாது, அழுந்தி இருக்க வேண்டும். மெல்லிய பித்தளைக் கூடு என்றால் உள்விட்டம் பெரிது. 9 அல்லது 8 போர் வாட் வேண்டும், மூடியட்டையைப் பசை வைத்து ஒட்ட வேண்டும். பிளாஸ்டிக் வாட் வேண்டாம், கருமருந்துச் சூட்டில் உருகிக் குழலில் பட்டையாக ஒட்டும். எஃகு ரவை அறவே கூடாது. நீர்ப்பறவை மேல் ஈயம் 1999 முதல் இங்கிலாந்தில் தடை, ஆகவே அங்கே பிஸ்மத். முக்கியமாக, கருமருந்து அளக்கிற கரண்டியில் புகையில்லா மருந்தை அளப்பது தற்கொலை.

கருமருந்து வாங்கி வைக்கப் போலீஸ் தரும் எக்ஸ்ப்ளோசிவ்ஸ் சர்டிஃபிகேட் வேண்டும், துப்பாக்கியை அலங்காரப் பொருளாக இல்லாமல் சுடுவதற்கு வைத்திருந்தால் ஷாட்கன் சர்டிஃபிகேட்டும் வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர்கள் படித்தால்: அங்கே நீர்ப்பறவை வேட்டைக்கு 10 போரைவிடப் பெரியது கூடாது, பிரிட்டனில் 8 போருக்கு அந்தத் தடை இல்லை. இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் தாத்தாவின் துப்பாக்கியை எடுத்து இதைப் பார்த்துச் சோதிக்கக் கிளம்ப வேண்டாம், லைசென்ஸ் விஷயத்தை முதலில் பாருங்கள்.

எடையையும் விசாரியுங்கள். ரவையின் எடையைப் போல் 96 மடங்கு துப்பாக்கி கனக்க வேண்டும் என்பது கிரீனர் கணக்கு. 1¼ அவுன்ஸுக்கு 7½ பவுண்டு. 8 போரில் 2 அவுன்ஸ் போட்டால் 12 பவுண்டு. இதைவிட லேசான 10 போர் தோளைப் பதம் பார்க்கும். முதல் சில தோட்டாக்களைத் துப்பாக்கியைப் பழைய டயரில் கட்டி, தூரத்திலிருந்து கயிற்றால் விசையை இழுத்துச் சுடுங்கள்; முன்னும் பின்னும் துளையை அளந்து வித்தியாசம் பாருங்கள். இது சோதனைச் சாலைக்கு ஈடாகாது. தோளில் வைக்கும்போது ஒரு குழலில் மட்டும் போட்டுத் தொடங்குங்கள். கருமருந்து உதை வெடுக்கென்று இருக்காது, நீளமாகத் தள்ளும். முன்விசையில் இருக்கும் விரல் சறுக்கிப் பின்விசையில் போய் விழுவது அதில்தான்.

சுட்ட அன்றே கழுவ வேண்டும், நாளைக்கு என்று வைக்கக் கூடாது. குழலை மட்டும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து கொதிநீர் ஊற்றுங்கள், கொஞ்சம் சோப்புக் கரைத்தது. எண்ணெய் மட்டும் விட்டுத் துடைத்தால் கசடில் இருக்கும் உப்பு கரையாது, அடியில் இருந்துகொண்டு குழி போடும். இரும்பு தொட முடியாத சூடு ஏறும்வரை ஊற்றினால் தானே காய்ந்துவிடும். உலர்ந்த துணி, பிறகு எண்ணெய்த் துணி. ஊசித் துளையைச் சுற்றிப் பல் குச்சியால் துடையுங்கள். மறுநாள் ஒரு வெள்ளைத் துணி விட்டுப் பாருங்கள். பழுப்பாக வந்தால் மறுபடி கொதிநீர்.